மலையில் மட்டும் கிளம்பாத கார்: ஹீட்டர் பிளக்கில் தொடங்கி ஒரு ரப்பர் வளையம் வரை

போகிக்கு மறுநாள் காலை, அதாவது 2025 பொங்கலன்று, ஏலகிரி அத்தனாவூரில் மாமனார் வீட்டு வாசலில் வைத்திருந்த தெர்மாமீட்டர் 11 டிகிரி காட்டியது. மணி ஐந்தே முக்கால். சாவியைத் திருகி, ஹீட்டர் லைட் அணைந்ததும் மூன்று எண்ணிவிட்டு செல்ஃப் கொடுத்தேன். ஒன்றரை வினாடியில் வண்டி கிளம்பிவிட்டது. இரண்டு பனிக்காலமாகத் துரத்திய கோளாறு இது. என்ன செய்தேன், எங்கே தவறினேன், எவ்வளவு செலவானது என்பதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

வண்டி 2006 மாடல். 1.4 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பழைய வகை டீசல் இன்ஜின். பதினைந்து வருடம் முடிந்ததும் 2021ல் ஆர்சி புதுப்பித்து, ஐந்து வருடத்துக்கு வாங்கி வைத்திருக்கிறேன். நான் மெக்கானிக் அல்ல. காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வீடு சத்துவாச்சாரியில். மாதத்தில் இரண்டு முறையாவது மலைக்குப் போவோம்.

இந்தக் கோளாறு பிடிபடாமல் போனதற்கு வேலூர் வெயில்தான் பெரிய காரணம் என்று இப்போது தெரிகிறது. எங்கள் ஊரில் மார்கழி விடியலில்கூட பெரும்பாலும் 18, 19 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் இந்த இன்ஜின், கிளப்பும்போது சிலிண்டருக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் இல்லாமலே எப்படியோ கிளம்பிவிடும். மலை ஆயிரத்து நூறு மீட்டர் உயரம். அங்கே விடியற்காலையில் ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். வீட்டில் ஒரு தட்டில் கிளம்பும் வண்டி மலையில் இழுத்துக்கொண்டு நிற்கும். கீழே இறங்கி மெக்கானிக்கிடம் காட்டினால் மறுபடி ஒரே தட்டில் கிளம்பும். "நல்லாத்தான சார் இருக்குது?" என்பார். என்னிடம் பதில் இருக்காது.

முதலில் தெரிந்தது 2023 கார்த்திகை தீபத்துக்குப் போயிருந்தபோது. நான்காவது முயற்சியில்தான் கிளம்பியது. செல்ஃப் சுற்றுவதும் சோம்பலாக இருந்தது. பேட்டரிக்கு நான்கு வயது ஆகிவிட்டதால் அதுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். பழையதைக் கொடுத்துவிட்டு 6,400 ரூபாய்க்குப் புதியது வாங்கினேன். செல்ஃப் வேகமாகச் சுற்றியது. அடுத்த இரண்டு முறையும் மலையில் சுமாராகக் கிளம்பியது. அதற்குள் தை முடிந்து குளிர் விட்டுப்போனது. பங்குனி, சித்திரை, ஆடி என்று ஒன்பது மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பேட்டரிதான் கோளாறு, சரிசெய்துவிட்டோம் என்று அந்த ஒன்பது மாதமும் நம்பிக்கொண்டிருந்தேன்.

2024 ஐப்பசி கடைசியில் திரும்ப ஆரம்பித்தது. இந்தமுறை வேலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி பிரஷ், புஷ் மாற்றிக் கொடுத்தார்கள். 1,900 ரூபாய். பிரஷ் தேய்ந்துதான் இருந்தது, அதில் பொய்யில்லை. ஆனால் வண்டி கிளம்பாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முன்பு மெதுவாகச் சுற்றிக் கிளம்பாமல் நின்ற வண்டி, இப்போது வேகமாகச் சுற்றிக் கிளம்பாமல் நின்றது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்கழி முதல் வாரம் மாமாவுக்கு வேலூரில் கண்புரை ஆபரேஷன். எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். அத்தனாவூரிலிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா தாண்டிப் போகவேண்டும். ஐந்தரைக்குக் கிளம்பினால் நிதானமாகப் போய்ச் சேரலாம். அன்றைக்கு எட்டு முறை செல்ஃப் கொடுத்தும் வண்டி எடுக்கவில்லை. சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பனிமூட்டம் வேறு. புகையையும் பனியையும் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மாமா, "இன்னா மாப்ள, பஸ்ஸுக்குப் போயிடலாமா?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, வண்டியைத் திருப்பி, தெருச் சரிவில் உருட்டிவிட்டு இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். நான்கைந்து குலுக்கலுக்குப் பிறகு கிளம்பியது. வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் ஓடும் இன்ஜினை அப்படிக் குலுக்கிக் கிளப்புவது நல்லதல்ல. பெல்ட் பல் தாண்டினால் வால்வு போய்விடும். அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனோம். நல்லவேளை, அன்றே ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

மாமாவைத் திரும்ப மலையில் கொண்டுவிடும்போது வாணியம்பாடியில் ஒரு டீசல் பம்ப் கடையில் நிறுத்தினேன். லாரி இன்ஜின்களின் டீசல் பம்பை ரிப்பேர் பார்க்கும் கடை. வயதான பாய் ஒருவர் இருந்தார். நான் பேட்டரி, செல்ஃப் என்று கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். செல்ஃப் அடிக்கும்போது புகை வருதா, வரலியா?"

"வருது பாய். வெள்ளையா."

"அப்போ டீசல் உள்ள போவுது, எரியல. சூடு பத்தல. ஹீட்டர் பிளக்கப் பாருங்க. புகையே வரலன்னா எங்கிட்ட வாங்க."

பேசியதற்குக் காசு வாங்கவில்லை. இதுவரை நான் கொடுத்த 8,300 ரூபாயில் இந்த ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அரையாண்டு விடுமுறை வந்தது. குளிர் இருக்கும் இடத்தில்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும் என்று வண்டியோடு மலைக்கே போய்விட்டேன். 450 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 180 ரூபாய்க்கு 12 எம்எம் டீப் சாக்கெட் ஒன்று, 220 ரூபாய்க்கு துருவிளக்கும் ஸ்பிரே ஒன்று வாங்கிக்கொண்டேன். ராட்செட், 8 எம்எம் ரிங் ஸ்பேனர், கொறடு, டெஸ்ட் லேம்ப், உப்புத்தாள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன.

இந்த இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கும் ஒவ்வொரு ஹீட்டர் பிளக். பென்சில் கனத்தில் கீழே ஒரு கம்பி, மேலே மறை, அதற்கு மேல் ஒரு சின்ன முனை. நான்கு முனைகளையும் ஒரே தகட்டுப் பட்டை இணைக்கிறது. பிளக்குகளுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயிலிருந்து வரும் தடிமனான ஒயர் அந்தப் பட்டையில் சேர்கிறது. எர்த் இன்ஜின் வழியாகவே.

முதல் நாள் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். 0.4 ஓம் மின்தடை காட்டியது. அது மீட்டர் ஒயரின் சொந்தக் கணக்கு. எது அளந்தாலும் அதைக் கழித்துக்கொள்ளவேண்டும். அப்புறம் ஒரு முனையைப் பட்டையிலும் இன்னொன்றை இன்ஜின் போல்ட்டிலும் வைத்தேன். 1.3 வந்தது. கழித்தால் 0.9. நல்ல பிளக் ஒன்று ஒரு ஓம் சுற்றி இருக்கவேண்டும் என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தேன். சரி, பிளக் நன்றாக இருக்கிறது என்று மூடிவிட்டேன்.

அந்தத் தவறான முடிவால் இரண்டு நாள் போனது. ஒரு நாள் டீசல் ஃபில்டர் மாற்றினேன், 480 ரூபாய். மாற்றி வெகுநாள் ஆகியிருந்ததால் அது வீண் இல்லை. ஆனால் அதில் நான் செய்த ஒரு காரியம் பின்னால் என்னைச் சுற்றவைத்தது, அதைச் சொல்கிறேன். மறுநாள் இன்ஜின் ஆயில் மாற்றினேன். வெயிலுக்கு நல்லது என்று கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி வைத்திருந்தார்கள். அதை வடித்துவிட்டு, குளிரில் இன்னும் இளக்கமாக இருக்கும் 15டபிள்யூ-40 நாலரை லிட்டர், 1,750 ரூபாய். குளிர் விடியலில் செல்ஃப் சுற்றும் சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது, இன்ஜின் இலகுவாகத் திரும்பியது. வண்டி கிளம்புவது மட்டும் அதேபோலத்தான்.

இதற்கிடையில் வந்தவர் போனவர் எல்லோரும் யோசனை சொன்னார்கள். டீசல் உறைந்திருக்கும் என்றார் ஒருவர். ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் டீசல் பிடித்து ராத்திரி முழுக்க மதில்மேல் வைத்தேன். காலையில் 13 டிகிரி. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் கலங்கல் இல்லை, மெழுகு இல்லை, தண்ணீர்போல் ஓடியது. அந்தச் சந்தேகம் தீர்ந்தது. வேன் ஓட்டும் ஒருவர், ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டினால் உடனே கிளம்பும் என்றார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யவேண்டாம். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் உள்ளே சிவக்கச் சூடான முனை இருக்கிறது. பெட்ரோல் ஆவியோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயோ அதில் பட்டால் நேரத்துக்கு முன்பே வெடித்துப் பற்றும். பிஸ்டனும் உடையலாம், முகமும் பொசுங்கலாம்.

மூன்றாம் நாள் ராத்திரி படுத்துக்கொண்டிருக்கும்போதுதான் கணக்கு உறைத்தது. பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நான்கு பிளக்கும் பக்க இணைப்பில் இருக்கின்றன. நான்கும் ஒரு ஓம் என்றால் மொத்தம் கால் ஓம்தான் வரவேண்டும். எனக்கு வந்தது 0.9. அப்படியென்றால் நான்கில் ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் கூட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், என் வண்டியில் அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க மூன்று நாள் ஆகிவிட்டது. விடியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. ஆனால் பானட்டைத் திறந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள் என்று படுத்தே கிடந்தேன்.

காலையில் 8 எம்எம் நட்டு நான்கையும் கழற்றிப் பட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றிலும் மீட்டர் எதுவுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மூன்றாவதில் மட்டும் 0.9. இரண்டு பனிக்காலத்துக்கும் விடை அந்த நான்கு எண்களில் இருந்தது.

கழற்றுவதுதான் பயமான வேலை. பிளக் முறிந்து, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்குள்ளே நின்றுவிட்டால் ஹெட்டையே இறக்கவேண்டி வரும். முதல் மூன்றும் கால் சுற்று இளகின. நான்காவது அசையவில்லை. சாக்கெட்டைப் பிடித்த கை நடுங்கும் அளவுக்கு அழுத்தியபோது நிறுத்திக்கொண்டேன். இளகிய மூன்றையும் திரும்ப இறுக்கிவிட்டு, நான்காவதின் அடியில் துருவிளக்கும் ஸ்பிரேயை விட்டு இரண்டு ராத்திரி ஊறவிட்டேன். காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சம் அடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் மதியம், வெயில் ஏறிய பிறகு வண்டியைக் கிளப்பி இருபது நிமிடம் ஓடவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போதே சாக்கெட் போட்டேன். ஒரு முறை "கீச்" என்றது. அரைக்கால் சுற்று இளக்கினேன், திரும்ப இறுக்கினேன், இன்னும் கொஞ்சம் இளக்கினேன். இப்படி முன்னும் பின்னுமாகப் பத்து நிமிடம் போராடியதும் வெளியே வந்தது. மறையெல்லாம் கரி. கம்பி முனை கருகி, ஊதிப்போன திரிபோல இருந்தது.

நான்கையும் எடுத்த பிறகு பம்பில் இருக்கும் சொலினாய்டு ஒயரைக் கழற்றி டீசலை நிறுத்திவிட்டு, ஓட்டைகளுக்கு மேலே பழைய துணியைப் போட்டு, இரண்டு வினாடி செல்ஃப் அடித்தேன். உள்ளே உதிர்ந்த கரித்தூள் துணியில் வந்து அப்பியது. அந்த ஒயரைக் கழற்றாமல் அடித்தால் ஓட்டை வழியாக டீசல் பீச்சும். ஒயரைக் கழற்றினாலும் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

அப்புறம் பழைய நான்கையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். கொறடால் பிளக்கின் உடம்பைப் பிடித்து நெகட்டிவில் அழுத்தி, பாசிட்டிவிலிருந்து வரும் ஜம்பர் ஒயரை பிளக்கின் தலையில் தொடவேண்டும். அறுந்த மூன்றும் ஒரு பொறிகூட விடவில்லை. அளவில் நல்லதாகத் தெரிந்த மூன்றாவதுதான் என்னைத் திகைக்கவைத்தது. பத்து எண்ணும்போது சிவந்தது, ஆனால் முனையில் அல்ல, மறைக்குப் பக்கத்தில் நடுக்கம்பியில். முனை கறுப்பாகவே இருந்தது. சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருப்பது முனைதான், அங்கே சூடு இல்லையென்றால் பயனில்லை. ஆக, நான்கில் ஒன்றுகூட முழுதாக வேலை செய்யவில்லை. மீட்டர் மட்டும் வைத்து முடிவுசெய்திருந்தால் மூன்று பிளக் வாங்கி, இந்த ஒன்றை அப்படியே விட்டிருப்பேன்.

வண்டி பிரிந்து கிடந்ததால் மாமாவின் டிவிஎஸ் எக்ஸெல்லில் திருப்பத்தூர் போனேன். கடைக்காரர் பழைய பிளக்கை வாங்கி நீளம், மறை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எடுத்துக்கொடுத்தார். ஒன்று 430 ரூபாய், நான்கு 1,720. பழையதைக் கையோடு கொண்டுபோகாமல் வாங்கவே கூடாது. கம்பி இரண்டு எம்எம் நீண்டாலும் உள்ளே இடிக்கும். வீட்டுக்கு வந்து புதிய நான்கையும் அதேபோல பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். ஏழெட்டு எண்ணுவதற்குள் முனை மருதாணி நிறத்துக்கு வந்து, அப்படியே ஆரஞ்சாகி, சிவப்பு மேலே ஏறியது. மாலை இருட்டும் நேரம். மாமா ஒரு கண்ணில் பச்சைக் கண்ணாடியோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். சூடு ஆற ஐந்து நிமிடம் ஆகும், செங்கல்மேல் வைப்பது நல்லது. நான் ஒன்றைத் தரையில் வைத்துச் சாக்குப்பையைப் பொசுக்கிவிட்டேன்.

மறையில் கொஞ்சம் காப்பர் கிரீஸ் தடவி, கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு சாக்கெட்டால் ஒரே ஒரு இறுக்கு. இதற்கு முரட்டுக் கை ஆகாது.

பிளக் புதிது, ஆனால் அதற்குக் கரண்ட் எவ்வளவு வருகிறது? பட்டையில் மீட்டரை வைத்து வீட்டுப் பையன் ஒருவனைச் சாவி போடச் சொன்னேன். பேட்டரியில் 12.5 வோல்ட் இருக்க, பட்டையில் 8.9 வோல்ட். வழியில் மூன்றரை வோல்ட் தொலைந்துபோகிறது. ஒயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். ரிலேக்கு வரும் முனையில் நட்டு தளர்ந்து, சுற்றிலும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ரிலே கெட்டுப்போகவில்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முனையை உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்த்து, நட்டை இறுக்கிப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். 11.3 வோல்ட் வந்தது. செலவு ஒன்றுமில்லை.

டேஷ்போர்டில் சுருள்போலத் தெரியும் அந்த ஹீட்டர் லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வருடமும் அது ஒழுங்காக எரிந்து, ஐந்து வினாடியில் ஒழுங்காக அணைந்தது. அதைப் பார்த்துத்தான் ஹீட்டர் பக்கமே நான் போகவில்லை. என் வண்டியில் அந்த லைட்டுக்கு பிளக் சூடானதா என்று தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்ததில், லைட் அணைந்த பிறகும் ஐந்தாறு வினாடி பட்டைக்குக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் இப்போது லைட் அணைந்ததும் மூன்று எண்ணிக் காத்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறு மணி, 13 டிகிரி. செல்ஃப் கொடுத்தேன். சுற்றியது, சுற்றியது, ஆறு வினாடி வரை ஒன்றுமில்லை. மனது உடைந்துவிட்டது. ஏழாவது வினாடியில் சட்டென்று பிடித்து, குலுங்காமல் அழகாக ஓடியது. பாய் கேட்ட கேள்வி அப்போது ஞாபகம் வந்தது. இந்தமுறை சைலன்சர் பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லி மாமியாரை நிற்கவைத்திருந்தேன். "புகையே வரல தம்பி" என்றார்கள். முன்பு புகை வந்து எரியவில்லை. இப்போது புகையே இல்லாமல் சுற்றிவிட்டு எரிகிறது. அதாவது டீசலே நேரத்துக்கு உள்ளே போகவில்லை, இது வேறு கோளாறு. பாய்க்குப் போன் போட்டேன். "காத்து எடுக்குது சார். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல தெரியிற மாதிரி பைப் போட்டுப் பாருங்க" என்றார்.

30 ரூபாய்க்கு ஒரு அடி நிறமில்லாத பெட்ரோல் பைப் வாங்கி, அந்த இடத்தில் கிளிப் போட்டு மாட்டினேன். ஓடும்போது சின்னச் சின்னக் குமிழிகள். ராத்திரி நிறுத்தி காலையில் பார்த்தால் பைப்பில் பாதி காலி. இன்னொன்றும் பிடிபட்டது. வீட்டு வாசல் சரிவு. மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திய ராத்திரிகளில் பைப் காலியாகிறது, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினால் நிறைந்தே இருக்கிறது. டேங்க் பின்னால் இருப்பதால், மேடு பார்த்து நின்றால் டீசல் ராத்திரியில் பின்னோக்கி இறங்கிவிடுகிறது. ஆனால் எங்காவது காற்று நுழைந்தால்தானே அது இறங்கும்?

இது உறிஞ்சும் பக்கம், அதனால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். ஈரம் தேடிப் பயனில்லை, சோப்பு நுரையும் உதவாது. ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியாக கிரீஸ் அப்பி, ஓடவிட்டு, குமிழி நிற்கிறதா என்று பார்த்தேன். பைப் கிளிப், பைப்பை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட், டீசலைக் கையால் அடித்து நிரப்பும் கைப்பம்பு எல்லாம் பூசியாயிற்று, குமிழி நிற்கவில்லை. கடைசியாக ஃபில்டருக்கு அடியில் தண்ணீர் வடிக்கும் திருகில் அப்பினேன். அரை நிமிடத்தில் பைப் தெளிந்தது.

திருகைக் கழற்றினால் அதன் ரப்பர் வளையம் தட்டையாகி, கல்போல இறுகி, ஒரு பக்கம் வெடித்திருந்தது. பழைய ஃபில்டரிலிருந்து அந்தத் திருகை எடுத்து, வளையத்தோடு அப்படியே புதிய ஃபில்டரில் நான் மாட்டியதுதான் முன்பு சொன்ன அந்தக் காரியம். இருந்த கோளாறைப் புதிய ஃபில்டருக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். புதிய ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியில் மாமா ஆணி போட்டு வைத்திருந்தார். கவிழ்த்துப் பார்த்தேன். ஆணிகளோடு சின்ன பிளாஸ்டிக் உறையில் புது வளையம் பிரிக்காமலே விழுந்தது. டீசலில் நனைத்துப் போட்டு, கைப்பம்பு கெட்டியாகும்வரை அடித்து, கிளப்பினேன். குமிழி இல்லை. பானட் திறந்திருக்கும்போதே சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் இன்ஜெக்டர்மேல் போகும் ரிட்டர்ன் பைப்புகளையும் மாற்றிவிட்டேன். விரலால் வளைத்தாலே வெடிப்பு தெரிந்தது. 160 ரூபாய்.

அதன்பிறகு மூன்று ராத்திரி வேண்டுமென்றே மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். மூன்று காலையும் இரண்டு வினாடிக்குள் கிளம்பியது. பொங்கலன்று 11 டிகிரியில் ஒன்றரை.

மீட்டர், சாக்கெட், ஸ்பிரே, பிளக், ஃபில்டர், பைப்புகள் எல்லாம் சேர்த்து 3,240 ரூபாய். ஆயில் 1,750 தனி. முந்தைய வருடத்திலேயே புகையைக் கவனித்திருந்தால் பேட்டரியை இன்னும் ஒரு வருடமாவது ஓட்டியிருக்கலாம். அடுத்தமுறை இப்படி வந்தால் முதல் வேலை, ஒருவரைச் சைலன்சருக்குப் பின்னால் நிற்கவைத்துப் புகை பார்ப்பது. இரண்டாவது, செல்ஃப் சுற்றும்போதே பேட்டரியில் வோல்ட் பார்ப்பது. 9.6க்குக் கீழே விழாவிட்டால் பேட்டரி பக்கம் போகமாட்டேன். பிளக்கை அளப்பதென்றால் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான். அந்த நிறமில்லாத பைப்பை இன்னும் எடுக்கவில்லை. இன்ஜின் சூட்டில் அது நாளடைவில் இறுகிவிடும், ஆனால் இந்தக் குளிர் முடியும்வரை தினமும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. செல்ஃப் சுற்றும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே 0.7 வோல்ட் விழுகிறது. எர்த் ஒயரின் முனையைத் தேய்த்ததில் 0.4 ஆனது. புது ஒயர் போட்டால் இன்னும் குறையும். இன்னொன்று டைமிங் பெல்ட். அந்த மார்கழிக் காலையில் சரிவில் உருட்டிக் குலுக்கியதிலிருந்து அதைப் பற்றி எனக்கு நிம்மதியில்லை. பெல்ட்டும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்த்து மாற்ற விலை கேட்டு வைத்திருக்கிறேன். மாசியில் மாமாவின் இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன், அதற்கு முன்பே முடித்துவிடவேண்டும்.